கழலை இலை: கடலைக் காணாத ஊர்களில் விற்ற கடல் மருந்து

கடல்சார் மூலிகைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் இயல்பாகவே கடற்கரையில்தான் தேடலைத் தொடங்குவர். மீனவர் குடியிருப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு, மணல்மேடு என அத்தேடல் விரியும். ஆயினும் இந்தியாவில் ஒரு கடற்பாசி குறிப்பிட்ட ஒரு நோய்க்குரிய மருந்தாக, அந்நோயின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, கடைவீதியில் விற்கப்பட்டமைக்கான தெளிவான சான்று கரையிலிருந்து கிடைப்பதன்று. கடலிலிருந்து பல நூறு கல் தொலைவில் உள்ள பஞ்சாபிலிருந்தும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் அது கிடைக்கிறது. அந்த மருந்தின் பெயர் 'கில்லர் கா பத்தா'. கழலை இலை என்பது அதன் பொருள்.

கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய மருத்துவ அறிவு எவ்வழியாக எழுத்தில் ஏறியது, எவ்வழியாக ஏறாமல் நின்றது என்பதே இப்பதிவின் கேள்வி. இதை மூன்று இடங்களை முன்வைத்துப் பார்க்கலாம்: இமயமலைச் சாரல், கேரளத்தின் கரப்புறம், கொல்கத்தா. மூன்றிலும் மருந்து கடலையும் கழியையும் சார்ந்தது. மூன்றிலும் சாட்சி சொன்னவர் வேறு. அந்த வேறுபாடு இன்று சட்டத்தின் சொற்களுக்குள்ளும் வந்து நிற்கிறது என்பதால் இது பழங்கதை மட்டுமன்று.

இமயத்திலிருந்து தொடங்குவோம்.

ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1823 முதல் 1831 வரை சகாரன்பூர் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தவர். இமயமலைத் தாவரங்களைப் பற்றி 1830களில் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூலில் இந்த இலையைப் பற்றிய குறிப்பு உள்ளது. மலைப்பகுதி மக்கள் முன்கழுத்துக் கழலைக்கு இதனைப் பயன்படுத்தினர். ஆராய்ந்து பார்த்தபோது அது இலையன்று, 'லாமினேரியா' என்னும் பழுப்புக் கடற்பாசியின் உலர்ந்த துண்டு என்று தெரியவந்தது. பின்வந்த பஞ்சாப் மருந்துப்பொருள் பட்டியல்களிலும் இதே பெயர் இடம்பெறுகிறது. அது எங்கே விளைகிறது என்பதில் மட்டும் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. மலைகளுக்கு அப்பால், திபெத், யார்க்கந்து வணிகப் பாதைகளின் வழியாக அது வந்தது என்பதே பொதுவாகக் கூறப்பட்டது.

லாமினேரியா குளிர்ந்த கடல்களுக்குரிய பாசி. இந்தியக் கடற்கரையில் அது வளர்வதில்லை. எனவே லாகூர்க் கடைக்காரர் விற்ற துண்டு அரபிக்கடலிலிருந்தோ வங்கக்கடலிலிருந்தோ வந்திருக்க முடியாது. சீனத்தில் இதற்கு நெருங்கிய உறவான பாசிகள் உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலம் விற்கப்பட்டன. கடற்பாசியைக் கழுத்துக் கழலைக்குத் தரும் முறை அங்கே 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவக் குறிப்புகளிலேயே உண்டு. பசிபிக் கரையில் உலர்த்தப்பட்ட பாசி கைமாறிக் கைமாறி ஆசியாவின் நடுப்பகுதியைக் கடந்து இமயத்தின் தெற்குச் சரிவை எட்டியிருக்கலாம் என்பது இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பார்க்கையில் எழும் ஊகம். ஊகமாயினும் பொருந்தாத ஊகமன்று. பட்டும் தேயிலையும் கடந்த பாதையில் ஒரு பாசித் துண்டு கடக்கத் தடையில்லை. உலர்ந்த பாசி எடை குறைவானது, எளிதில் கெடாது.

அந்த இலை பயன் தந்ததா? தந்திருக்க இடமுண்டு. முன்கழுத்துக் கழலையின் முதன்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறை. மழையும் பனியாறுகளும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றுவிட்ட மலைச்சரிவுகளில் விளையும் தானியத்திலும் காயிலும் அச்சத்து மிகக் குறைவு. தைராய்டு சுரப்பி கிடைக்கும் சிறிதளவு அயோடினைப் பற்றிக்கொள்ள முயன்று வீங்குகிறது. லாமினேரியா வகைப் பாசிகளோ கடல்நீரிலுள்ள அயோடினைத் தம் உடலில் திரட்டிச் சேமிப்பவை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 150 மைக்ரோகிராம். உலர்ந்த பாசி ஒரு கிராமில் இதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். இளையோரின் மென்மையான வீக்கம் அதனால் தணிந்திருக்கலாம். நாட்பட்டு முடிச்சுகளாக இறுகிய கழலை தணிந்திருக்காது. பயன் சிலருக்குத் தெரிந்து, சிலருக்குத் தெரியாமல் போயிருக்கும். நாட்டு மருந்துகள் பலவற்றின் புகழும் பழியும் இத்தகைய அரைகுறை வெற்றியிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே காலவரிசையைக் கவனிக்க வேண்டும். பெர்னார் கூர்த்துவா என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டது 1811இல். ஜெனீவாவின் மருத்துவர் குவாந்தே கழலைக்கு அயோடினைக் கொடுத்துப் பார்த்து அறிவித்தது 1820இல். ஐரோப்பாவில் அதற்கு முன்பே சுட்ட கடற்பஞ்சின் சாம்பல் கழலைக்கு மருந்தாக வழங்கிவந்தது. அச்சாம்பலில் இருப்பது அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே குவாந்தேயை அவ்வழியில் செலுத்தியது. ஆக, சீனத்தில் பாசி, ஐரோப்பாவில் கடற்பஞ்சு, இமயத்தில் கழலை இலை என மூன்று நிலப்பகுதிகளின் நாட்டு மருத்துவம் கடலிலிருந்து வந்த பொருள்களைக் கொண்டே ஒரே நோயை அணுகியது. அயோடின் என்ற கருத்து இம்மூன்றில் எதற்கும் தெரியாது. 'நம் முன்னோர் அயோடினை அறிந்திருந்தனர்' என்று எழுதுவது வரலாறாகாது. 'அது வெறும் மூடநம்பிக்கை' என்று ஒதுக்குவதும் வரலாறாகாது. அவர்கள் அறிந்தது ஒரு பொருளையும் ஒரு நோயையும் இவ்விரண்டுக்கும் இடையே கண்ட மாற்றத்தையும்தான். அது சிறிய அறிவன்று.

இனி நூல் மரபைப் பார்ப்போம். 'கலகண்டம்' என்னும் பெயரில் கழுத்துக் கழலையை ஆயுர்வேத நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மந்தாரை இனத்தின் பட்டை, ஆகாயத்தாமரையின் சாம்பல் முதலியன அம்மரபில் மருந்துகள். ஆகாயத்தாமரை நன்னீர்த் தாவரம். கடலும் அம்மரபுக்கு அந்நியமன்று. முத்து, பவளம், சங்கு, கடலுப்பு, கடல்நுரை ஆகியவை ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் நன்கு அறிமுகமானவை. கடல்நுரை எனப்படுவது உண்மையில் நுரையன்று, கணவாயின் உள்ளோடு. கண்ணோய்க்கான மைகளில் அது சேர்க்கப்பட்டது.

இப்பட்டியலை உற்றுநோக்கினால் ஒன்று புலப்படும். இவை யாவும் கல்லைப் போன்றவை, வணிகப் பண்டங்கள். கரையிலிருந்து காசிக்கும் தட்சசீலத்துக்கும் மூட்டையில் போகக்கூடியவை. கடலிலிருந்து ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் சந்தையில் ஏறியவையே. கரையில் மட்டும் பச்சையாகப் பறித்து, அரைத்து, அன்றே பூசப்பட்ட தழைகளுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே அமைந்தது. அவற்றின் மருத்துவர் பெரும்பாலும் ஏடு எழுதியவர் அல்லர். ஏடு எழுதியவர் பெரும்பாலும் அக்கரையில் வாழ்ந்தவர் அல்லர்.

இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்காகக் கேரளக் கரைக்குச் செல்ல வேண்டும்.

வேம்பநாட்டுக் காயலுக்கும் அரபிக்கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்துக்குக் கரப்புறம் என்று பழம்பெயர். இன்றைய சேர்த்தலைப் பகுதி அது. அங்கே கொல்லாட்டு என்னும் ஈழவர் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் இட்டி அச்சுதன். கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் மலபார்த் தளபதியாக 1670 முதல் 1677 வரை இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலின் மருத்துவ முதுகெலும்பு இவருடைய அறிவே. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் 740க்கு மேற்பட்ட தாவரங்களை விவரிக்கிறது. படத்தகடுகளில் தாவரப் பெயர்கள் லத்தீன் எழுத்தில் மட்டுமன்றி மலையாள, அரபு, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டன.

முதல் தொகுதியில் சில சான்றுரைகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 1675 ஏப்ரல் 20 நாளிட்ட அச்சுதனின் கூற்று. கோலெழுத்தில் அமைந்த அக்கூற்றில் அவர் தம் ஊரையும் குடும்பத்தையும் சொல்கிறார். பரம்பரை மருத்துவர் என்கிறார். மரம், செடி, கொடிகளின் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் தம் குடும்ப நூலில் உள்ளபடியும் தம் அனுபவத்தில் அறிந்தபடியும் மொழிபெயர்ப்பாளர் மனுவேல் கர்னேரோவிடம் சொன்னதாக உறுதி கூறுகிறார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி மருத்துவர்களின் சான்றுரையும் அதே தொகுதியில் உள்ளது.

அச்சுதனின் குடும்ப ஏடு இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதிலிருந்து அவர் சொன்னவை மட்டும் ஒரு ஐரோப்பிய நூலின் லத்தீன் உரைநடைக்குள் எஞ்சியிருக்கின்றன. அந்நூலைக் கேரளத் தாவரவியலாளர் கா.சு. மணிலால் பல்லாண்டு உழைப்பால் ஆங்கிலத்தில் கொணர்ந்தபோது, 2003ஆம் ஆண்டாகிவிட்டது. மலையாள மொழிபெயர்ப்பு அதற்கும் பின்னர் வந்தது. ஒரு மலையாள மருத்துவரின் சொல் மலையாளத்துக்குத் திரும்பிவர முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

அச்சுதன் கரப்புறத்தவர் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சாதி நோக்கிலேயே விவாதித்துள்ளனர். ரிச்சர்ட் குரோவ் 1995இல் வெளியிட்ட தம் நூலில், ஐரோப்பியத் தாவர வகைப்பாட்டின் ஆழத்தில் ஈழவ மருத்துவரின் வகைப்பாடு படிந்துள்ளது என்று வாதிட்டார். அவ்விவாதம் முக்கியமானது. அதனுடன் நில நோக்கையும் சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு. அச்சுதன் காயலுக்கும் கடலுக்கும் நடுவே வாழ்ந்த மருத்துவர். அதனால்தான் நெய்தல் நிலத்தின் தாவரங்கள் அந்நூலில் அத்துணை உரிமையோடு இடம்பெறுகின்றன. தொடக்கமே தென்னை. தொடர்ந்து பூவரசு, புன்னை, கழுதைமுள்ளி, தாழை, ஒதளம், கண்டல் வகைகள், அடம்பு.

இப்பெயர்கள் தமிழ் மாணவருக்கு விளக்கம் வேண்டாதவை. மலையாளத்தின் அடம்பு சங்க இலக்கியத்தின் அடும்பு. அங்கே கண்டல் எனப்படுவது இங்கும் கண்டலே. அந்நூலில் 'செறு கண்டல்' என்று வந்த தாவரத்தின் பெயரிலிருந்தே 'கண்டேலியா' என்னும் அறிவியல் பேரினப் பெயர் பிறந்தது. ஒதளத்தின் பெயர் 'செர்பெரா ஒதொல்லம்' என்னும் இருசொற்பெயரில் நிலைத்துவிட்டது. நெய்தல் நிலச் சொற்கள் உலகத் தாவரவியலின் அகராதிக்குள் நுழைந்த வாயில் இதுவே.

இவற்றின் மருத்துவப் பயன்கள் கரையோர வாழ்வின் தேவைகளோடு பின்னியவை. புன்னை விதையின் எண்ணெய் மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் பூசப்பட்டது. அதே எண்ணெய் விளக்குக்கும் படகின் மரத்தைக் காப்பதற்கும் ஆனது. கழுதைமுள்ளியின் வழவழப்பான இலையைக் கோவாவில் வாதவலிக்கும் நரம்புவலிக்கும் ஒற்றடமாகக் கட்டினர். கொங்கணத்தில் அதன் கஷாயத்தைக் கற்கண்டும் சீரகமும் சேர்த்துப் புளியேப்பத்துக்குக் கொடுத்தனர். இவ்விரு செய்திகளும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த 'பார்மகோகிராபியா இண்டிகா' நூலில் பதிவாகியுள்ளன. மணல்மேட்டில் படரும் அடம்பின் இலை கடற்கரை மக்களிடையே வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து. அதன் சாறு சொறிமுட்டை எனப்படும் ஜெல்லிமீன்களின் நஞ்சைத் தணிக்கிறதா என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் சோதித்து, சாதகமான முடிவுகளை வெளியிட்டனர். நீரில் இறங்கி உழைப்போருக்கு மூட்டுவலி, தோல்நோய், கடலுயிரிக் கடி ஆகியவை அன்றாடத் துன்பங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வளர்ந்தவற்றுள் அவர்கள் மருந்து தேடினர்.

மருந்து தேடும் கை நஞ்சையும் தொடும். ஒதளத்தின் கொட்டையில் உள்ள செர்பெரின் இதயத்துடிப்பை நிறுத்தவல்லது. கேரளத்தில் 1989 முதல் 1999 வரையிலான காலத்தில் 500க்கு மேற்பட்ட மரணங்களுக்கு இது காரணமாயிற்று என்று 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். எனவே, 'மூலிகை, ஆகவே தீங்கற்றது' என்ற இன்றைய விளம்பர வாசகத்தைக் கரையோர மருத்துவர் எவரும் ஏற்றிருக்க மாட்டார். எந்தப் பகுதி, எவ்வளவு, எவருக்கு என்பதே அவர்களுடைய அறிவின் பாதி. தாவரத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பாதியைக் கரையிலேயே விட்டுவரும் பதிவு முழுமையான பதிவாகாது.

மூன்றாவது இடம் கொல்கத்தா.

வில்லியம் புரூக் ஓஷாக்னெசி அயர்லாந்தில் பிறந்தவர். கும்பினியின் மருத்துவப் பணியில் வங்கத்துக்கு வந்து, கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். கஞ்சாவின் மருத்துவப் பயனை ஐரோப்பிய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவர் என்றும், இந்தியாவில் தந்திக் கம்பிகள் அமைத்தவர் என்றும் இவர் நினைக்கப்படுகிறார். கடற்பாசி வரலாற்றிலும் இவருக்கு இடமுண்டு. 'சிலோன் பாசி' அல்லது 'யாழ்ப்பாணப் பாசி' என்று வணிகத்தில் அழைக்கப்பட்ட ஒருவகைச் செம்பாசியை 1834இல் இவர் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். கிரேசிலேரியா இனத்தைச் சேர்ந்த அப்பாசியும் நம் கரைகளில் கஞ்சிப்பாசி எனப்படுவதும் நெருங்கிய உறவினை உடையவை. 1868இல் எட்வர்ட் ஜான் வேரிங்கின் பொறுப்பில் வெளிவந்த 'இந்திய மருந்துநூல்' இதற்கு அதிகாரபூர்வ இடமளித்தது. கொதிக்கவைத்து வடித்த அதன் குழம்பு நோயிலிருந்து தேறுவோருக்கு எளிதில் செரிக்கும் உணவாகவும், தொண்டைக்கும் குடலுக்கும் இதமளிப்பதாகவும் பரிந்துரைக்கப்பட்டது.

கவனியுங்கள். மருந்துநூலில் நிலைத்தது வணிகத் துறைமுகங்களின் பெயர். அப்பாசியைச் சேகரித்துக் கஞ்சி காய்ச்சிய கரையோர மக்களுள் எவருடைய சான்றுரையும் அங்கே இல்லை. அச்சுதனின் நிலை வேறு. வான் ரீட் அவரைப் பெயர் சொல்லிச் சாட்சியாக நிறுத்தினார். 1675க்கும் 1868க்கும் இடையே நிகழ்ந்த பெருமாற்றம் இது. மருத்துவரின் சொல் சான்றாக இருந்த காலம் போய், வேதியியலாளரின் பகுப்பாய்வு சான்றான காலம் வந்தது. பாசியில் எவ்வளவு கூழ்மம், எவ்வளவு மாவு, எவ்வளவு நார் என்பதே இப்போது கேள்வி. அக்கேள்வி தேவையானதே. ஆனால் அதைக் கேட்ட வேகத்தில், இப்பாசியை எவர், எந்நோய்க்கு, எவ்வாறு பயன்படுத்தினர் என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

அதற்குப் பின் அப்பாசியின் பயணம் வேறு திசையில் சென்றது. 1880களின் தொடக்கத்தில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, நுண்ணுயிர் வளர்க்க அகர் கூழ் உகந்தது என்று கூறினார். ஜாவாவில் வாழ்ந்திருந்த நண்பர்கள் வழியாக அவர் அறிந்த சமையல் செய்தி அது. அன்றிலிருந்து செம்பாசி நோயாளியின் கிண்ணத்தைவிட ஆய்வகத்தின் தட்டில் மதிப்புப் பெற்றது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அகர் வரத்து அறுந்தபோது, இந்திய ஆய்வாளர்கள் உள்நாட்டுப் பாசியிலிருந்து அகர் எடுக்கும் முறைகளைத் தேடினர். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1954இல் பவநகரில் தொடங்கிய மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையமும் பாசி ஆய்வுக்கு நிலையான இடம் தந்தன. நோயைத் தணித்த பாசி நோயை அறியும் கருவியானது. இது இழப்பென்று மட்டும் சொல்லிவிட முடியாது. காசநோய், வாந்திபேதி, டைஃபாய்டு ஆகியவற்றை ஆய்வகத்தில் இனங்காண்பதற்கு அகர் செய்த உதவி அளவற்றது.

இப்போது மீண்டும் இமயத்துக்கு வருவோம். கழலை இலையின் கதை இன்னும் முடியவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித்தில் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன், அங்கே பரவலாக இருந்த கழலைக்குக் காரணம் குடிநீரிலுள்ள கிருமித் தொற்றே என்று கருதினார். தம்மீதே சோதனை செய்து பார்க்கவும் அவர் தயங்கவில்லை. இவரே பின்னர்க் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை உருவாக்கியவர்; இன்றைய ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முன்னோடி அந்த ஆய்வகம். நுண்ணுயிரியலின் வெற்றிகள் கண்முன் நின்ற காலம் அது. எந்நோய்க்கும் கிருமியைத் தேடுவது அக்காலத்தின் அறிவு ஒழுங்கு. தைராய்டில் அயோடின் இருப்பதை ஜெர்மனியின் பாவ்மன் 1890களிலேயே கண்டிருந்தபோதும், கில்கித்தில் விசாரணை நீரை நோக்கிச் சென்றது. அதே இமய வணிகப் பாதைகளில் நூறாண்டாக விற்கப்பட்ட ஓர் இலை இருந்தது. அதன் பெயரிலேயே நோயும் இருந்தது. பட்டியலில் இருந்த அச்செய்தி ஆய்வுக் கேள்வியாக மாறவில்லை.

விடை 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில் கிடைத்தது. வெ. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்ந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை பெருமளவு குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. இதன் அடிப்படையில் 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. கழலை இலையால் எட்ட முடியாததை இந்த உப்பு எட்டியது. விலை கொடுத்து மருந்து வாங்க முடிந்தவருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும், நோய் வந்த பின்பன்றி வருமுன்பே, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது துணைசெய்தது. நாட்டு மருந்தைப் போற்றுவோர் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. உப்பு கடலிலிருந்து வருகிறது. ஆனால் கடலுப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். அதனால் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு சேர்க்கப்படும் அயோடினை உலகம் இன்று பெரும்பாலும் சிலியின் பாலைநிலக் கனிமத்திலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உப்புநீரிலிருந்தும் எடுக்கிறது. அயோடினை உலகுக்கு முதலில் காட்டிய கடற்பாசி இத்தொடரில் எங்கும் இல்லை.

இம்மூன்று கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று. ஒரு மருந்து வரலாற்றில் இடம்பெறுவது அதன் பயனால் மட்டுமன்று. அதற்கு எவ்வகைச் சாட்சி வாய்த்தது என்பதாலும்தான். கழலை இலைக்குச் சாட்சி சந்தை. பெயரும் பயனும் எஞ்சின. அதைக் கண்டவர் எவர் என்பது எஞ்சவில்லை. கரப்புறத்தின் தாவரங்களுக்குச் சாட்சி ஒரு மருத்துவரின் வாய்மொழி. அது அச்சேறியதால் பெயர், ஊர், நாள் யாவும் எஞ்சின. மூல ஏடு எஞ்சவில்லை. சிலோன் பாசிக்குச் சாட்சி ஆய்வகம். பொருளின் கூறுகள் எஞ்சின. அதைக் கையாண்ட மனிதர்கள் எஞ்சவில்லை.

சட்டம் இங்கேதான் நுழைகிறது. இந்திய மரபறிவு வெளிநாட்டுக் காப்புரிமைகளுக்கு இரையாகாமல் தடுக்க 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்நூலகம், முதன்மையாக ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களிலுள்ள மருந்துமுறைகளைத் திரட்டுகிறது. எழுதப்படாத கரையோர அறிவுக்கு அக்காப்பு எளிதில் எட்டாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளூர் மக்களுக்குப் பயன்பகிர்வை வாக்களித்தது. 2023இல் செய்யப்பட்ட திருத்தமோ 'தொகுக்கப்பட்ட மரபறிவு' என்னும் வகையை அக்கடமைகள் சிலவற்றிலிருந்து விலக்கியது. 1940ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள நூல்களிலிருந்து பெறப்பட்ட அறிவே தொகுக்கப்பட்டது என்று அத்திருத்தம் வரையறுக்கிறது.

ஆக, ஓர் இலையின் பயன் எந்த நூலில் உள்ளது என்பது இன்று வரலாற்றுக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாகவும் அது ஆகிவிட்டது. அட்டவணையில் பெயருள்ள நூலில் ஏறிய அறிவை நிறுவனங்கள் பகிர்வுக் கடமையின்றிப் பயன்படுத்தலாம். நூலில் ஏறாத அறிவுக்கு உரிமை கோர வேண்டுமானால் அதற்குச் சான்று வேண்டும். புன்னை எண்ணெய் தடவும் மூதாட்டியிடமும், எந்தப் பாசியை எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்று அறிந்த பெண்ணிடமும் உள்ள சான்று அவர்களுடைய சொல் மட்டுமே. ஊராட்சி தோறும் தயாரிக்கப்பட வேண்டிய மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடுகள் அச்சொல்லை ஏற்பதற்காகவே சட்டத்தில் உள்ளன. அவற்றை மனிதரின் பெயரோடும், பயன்படுத்தும் முறையோடும், அளவோடும், எச்சரிக்கையோடும் நிரப்புவது கடற்கரை ஊர்களில் களப்பணி செய்யும் தாவரவியல், மானிடவியல், வரலாற்று மாணவர்கள் துணைநிற்கக்கூடிய பணி. தாவரத்தின் அறிவியல் பெயரையும் 'உள்ளூர் மக்கள் பயன்படுத்துகின்றனர்' என்ற ஒற்றை வரியையும் எழுதிவிட்டு வரும் ஆய்வேடு சிலோன் பாசிக்கு நேர்ந்ததையே மறுபடியும் செய்கிறது.

மூன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு குடியேற்ற அதிகாரியின் நூல் ஒரு மருத்துவரின் பெயரையும் ஊரையும் வீட்டையும் நாளையும் அவருடைய எழுத்திலேயே பதிந்து வைத்தது. அதன் நோக்கம் வணிகமும் புகழும் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் சாட்சியைப் பதியும் முறையில் அந்நூல் வைத்த அளவுகோலுக்கு நம் ஆய்வேடுகள் எவ்வளவு அருகில் நிற்கின்றன? இப்பதிவைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் தத்தம் களக்குறிப்புகளைத் திறந்து, தகவல் தந்தவர் என்னும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.